கண் மஞ்சளாகாத காமாலை!

போதை ஊசி வழியே பரவும் நோயைத் தேடிப் பிடித்த கதை

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் இருக்கிறது, பரவை. ஊர் விழிப்பதற்கு முன்பே அங்கே காய்கறி மார்க்கெட் விழித்துவிடும். லாரிகள் வந்து நிற்கும். மூட்டைகள் இறங்கும். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று குரல் கேட்கும்.

அந்த ஊரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கிறார். ஒரே மகன். வயது 32.

அந்த மகன் 20 வயதில் சென்னைக்கு வேலைக்குப் போனான். கூடாத சேர்க்கை சேர்ந்தது. போதை ஊசி பழகினான். இரண்டு வருஷம் வீடே அழுதது. பிறகு வைத்தியம் பார்த்தார்கள். பழக்கத்தை விட்டான். ஊருக்குத் திரும்பினான். கல்யாணம் ஆயிற்று. குழந்தையும் பிறந்தது.

"கெட்ட காலம் போச்சு" என்று அம்மா நிம்மதியாக இருக்கிறார்.

ஊசி போய்விட்டது. சரி. ஊசி கொண்டு வந்த நோயும் போய்விட்டதா?

இந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஏன் என்று சொல்லுகிறோம், கேளுங்கள்.

காமாலை ஒன்றல்ல, ஐந்து!

காமாலை என்றால் நமக்குத் தெரியும். கண் மஞ்சளாகும். சிறுநீர் மஞ்சளாகும். சோறு பிடிக்காது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். சில வாரங்களில் ஆள் தேறிவிடுவார்.

இது பெரும்பாலும் கெட்ட தண்ணீரிலும் கெட்ட உணவிலும் வருகிற காமாலை. ஆனால் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் கிருமிகள் முக்கியமாக ஐந்து உண்டு. ஏ, பி, சி, டி, இ என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏ, இ இரண்டும் வாய் வழியே வருகின்றன. பி, சி, டி மூன்றும் ரத்தத்தின் வழியே வருகின்றன.

இவற்றில் 'சி' மிகவும் கள்ளத்தனமான கிருமி. 1989-ம் ஆண்டு வரை அதற்குச் சொந்தப் பெயர்கூடக் கிடையாது. "ஏ-யும் அல்ல, பி-யும் அல்ல" என்றுதான் டாக்டர்கள் சொல்லி வந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கக் காரணமாக இருந்த ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-ம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி உடம்பில் நுழைந்தால், பெரும்பாலானவர்களுக்குக் கண் மஞ்சளாகாது. காய்ச்சல் இருக்காது. கொஞ்சம் அசதி இருக்கலாம். "வேலை அதிகம், அதனால் அசதி" என்று நினைத்துக்கொள்வார்கள்.

நூறு பேருக்கு இது தொற்றினால், சுமார் 30 பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும். மற்ற 70 பேரின் உடம்பில் தங்கிவிடும்.

அப்படித் தங்கியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு, 20 ஆண்டுக்குள் கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும். வயிற்றில் நீர் கோக்கும். ரத்த வாந்தி வரும். சிலருக்குக் கல்லீரலில் புற்றுநோயும் வரும்.

கண் மஞ்சளாவது அப்போதுதான். அதற்குள் காலம் கடந்துவிட்டிருக்கும்.

2022-ம் ஆண்டில் இந்தியாவில் சுமார் 55 லட்சம் பேர் உடம்பில் இந்த 'சி' கிருமி இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

ஊசியில் 63 நாள்

போதை ஊசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அபினியின் குடும்பம் பெரியது. மார்பின், ஹெராயின், 'பிரவுன் சுகர்' எல்லாம் அதன் வாரிசுகள். வலியைப் போக்க டாக்டர்கள் கொடுக்கிற சில பலமான மருந்துகளும் அதே இனத்தைச் சேர்ந்தவை. இவற்றைத் தவறாக ஊசியில் ஏற்றிக்கொள்கிறவர்கள் நம் நாட்டில் சுமார் எட்டரை லட்சம் பேர். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நாடு முழுவதும் நடத்தி 2019-ல் வெளியிட்ட கணக்கு இது.

ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால், முதல் ஆளின் ரத்தம் கடைசி ஆளின் உடம்புக்குப் போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும்.

"தண்ணீரில் கழுவிவிட்டோமே!" என்பார்கள். போதாது! அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். ஊசிக் குழாய்க்குள் தங்கிய துளி ரத்தத்தில் 'சி' கிருமி 63 நாள் வரைகூட உயிரோடு இருந்தது.

ஊசி மட்டும் அல்ல. மருந்தைக் கரைக்கிற தண்ணீர், வடிகட்டுகிற பஞ்சு, கலக்குகிற கிண்ணம், எதைப் பகிர்ந்துகொண்டாலும் ஆபத்துத்தான்.

ஒரு தடவை போட்டவனுக்கும் வரலாம். பத்து வருஷத்துக்கு முன் விட்டவன் உடம்பிலும் இருக்கலாம்.

சென்னையில் 1,158 பேர்

நோய் மறைந்திருக்கிறது. ஆளும் மறைந்திருக்கிறான். இப்படிப்பட்ட நோயை எப்படித் தேடுவது?

சென்னையில் அந்த வேலையை ஒரு டாக்டர் அம்மாள் ஆரம்பித்த நிறுவனம் செய்தது. அவர் பெயர் சுனிதி சாலமன். 1986-ம் ஆண்டில் அவரும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவில் எய்ட்ஸ் கிருமி இருப்பதை முதல் முதலாகக் கண்டுபிடித்தவர்கள். 1993-ல் அவர் தொடங்கிய நிறுவனம், ஒய்.ஆர்.ஜி. கேர்.

சென்னையில் 1980-களில் பிரவுன் சுகர் பரவியது. 1990-களில் பலர் அதை விட்டுவிட்டு 'பியூபிரினார்பின்' என்ற வலி மருந்தை ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். இந்த ஊசிக் கூட்டத்தாரைத் தேடி, 2005, 2006-ம் ஆண்டுகளில் அந்த நிறுவனத்தார் புறப்பட்டார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக டாக்டர்கள் கூடச் சேர்ந்தார்கள்.

1,158 பேர் சேர்ந்தார்கள். ரத்தத்தைச் சோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில் 'சி' கிருமி வந்த அடையாளம் இருந்தது!

சோதித்ததோடு விட்டுவிடவில்லை. அதே ஆட்களை மறுபடி மறுபடி வரவழைத்துப் பார்த்தார்கள். 2008 வரை பார்த்ததில் 85 பேர் இறந்துபோனார்கள். போதை மருந்தின் அளவு மிஞ்சியதால் இறந்தவர்களே அதிகம். எய்ட்ஸாலும் காச நோயாலும் சிலர் இறந்தார்கள்.

85 பேர் என்றால் 85 வீடுகள். அதை மறந்துவிடக் கூடாது.

ஆளுக்கு இரண்டு சீட்டு

பிறகு 2013-ல் இதே டாக்டர்கள் இன்னும் பெரிய தேடலில் இறங்கினார்கள். வடகிழக்கு மலைநாட்டு நகரங்கள் உட்பட நாட்டின் 15 நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அங்கே வீடு வீடாகப் போய், "உங்கள் வீட்டில் யாராவது போதை ஊசி போடுகிறார்களா?" என்று கேட்க முடியுமா? கதவைச் சாத்திவிடுவார்கள்!

அதனால் ஒரு நல்ல யுக்தி செய்தார்கள்.

முதலில் ஒவ்வொரு ஊரிலும் சிலரை மட்டும் சந்தித்தார்கள். சோதனைக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுக் கொடுத்தார்கள். "உன்னைப் போல ஊசி போடுகிற இரண்டு நண்பர்களிடம் இதைக் கொடு. அவர்களும் வரட்டும்" என்றார்கள்.

இருவர் நால்வர் ஆனார்கள். நால்வர் எட்டுப் பேர் ஆனார்கள். ஒரே ஆள் இரண்டு தடவை வந்துவிடாமல் இருக்க விரல் ரேகை எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்களுக்கு அவர்களுடைய நேரத்துக்காக ஒரு சிறு தொகை கொடுத்தார்கள்.

போலீஸ்காரர் தேடியிருந்தால் ஓடியிருப்பார்கள். நண்பன் கூப்பிட்டதால் வந்தார்கள். மொத்தம் 14,481 பேர்!

ரத்தச் சோதனை முடிவு 'லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்' வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. நூறு பேரில் சுமார் 37 பேருக்கு 'சி' கிருமி வந்த அடையாளம் இருந்தது.

அதைவிட வருத்தமான செய்தி ஒன்று உண்டு. அப்படி அடையாளம் இருந்தவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்குக்கூடத் தங்களுக்கு அது வந்திருப்பது தெரிந்திருக்கவில்லை! வைத்தியம் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

பழைய கதை அல்ல

"சென்னைக் கதை, வடநாட்டுக் கதை. நமக்கென்ன?" என்று பரவையில் ஒருவர் கேட்கலாம்.

பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் வலி மாத்திரைகளைப் போதைக்காகக் கள்ளத்தனமாக விற்றுப் பிடிபடுகிறவர்கள் செய்தி அடிக்கடி வருகிறது. அவற்றில் முக்கியமானது 'டாபென்டடால்'. ஆபரேஷன் வலிக்கும் கடும் வலிக்கும் டாக்டர் சீட்டின் பேரில் தர வேண்டிய மாத்திரை அது. விழுங்க வேண்டிய அந்த மாத்திரையை இளைஞர்கள் சிலர் ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். அதனால் உயிரே போனவர்களும் உண்டு.

பிழைத்தவர்கள் ஊசியைப் பகிர்ந்துகொண்டிருந்தால்? கல்லீரலில் கிருமி குடியேறியிருக்கலாம். அது தெரிய வருவது 20 வருஷம் கழித்து!

காலடியும் திருடனும்

கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு சோதனைகள் இருக்கின்றன.

முதல் சோதனை சுலபமானது. ஒரு துளி ரத்தம் போதும். கொஞ்ச நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். கிருமி எப்போதாவது உடம்புக்குள் வந்ததா என்பதை அது சொல்லும். வாசல் மண்ணில் திருடன் காலடி பதிந்திருக்கிறதா என்று பார்ப்பது போல.

காலடி இருந்தால், திருடன் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறானா, ஓடிவிட்டானா என்று பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் இரண்டாவது சோதனை. ரத்தத்தில் கிருமியே இப்போது இருக்கிறதா என்று அது சொல்லும்.

முதல் சோதனையில் 'ஆம்' என்று வந்தவர்கள் அதைப் பார்த்தே இடிந்துபோய்விட வேண்டாம். இரண்டாவது சோதனையையும் செய்துகொள்ள வேண்டும்.

ஒரு மாத்திரை ஆயிரம் டாலர்!

இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது?

முன்பெல்லாம் ஒரு வருஷம் வரைகூட ஊசி மருந்து போடுவார்கள். காய்ச்சல், சோர்வு, மனச்சோர்வு எல்லாம் வரும். பாதிப் பேருக்குக் குணமாகாது.

2013 டிசம்பரில் அமெரிக்காவில் 'சோபோஸ்புவிர்' என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 12 வாரத்துக்கு 84 மாத்திரை. விலை 84,000 டாலர்! ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். மொத்தம், அன்றைய மதிப்பில் சுமார் 50 லட்சம் ரூபாய்.

மூட்டை தூக்குகிறவர் எங்கே போவார்?

2014-ல் இந்திய மருந்துக் கம்பெனிகள் சிலவற்றுக்கு அந்த மாத்திரையைத் தயாரிக்கும் உரிமை கிடைத்தது. மறு ஆண்டே ஒரு மாத மாத்திரை இருபதாயிரம் ரூபாய்க்கு வந்தது. பிறகு இன்னும் இறங்கியது.

2016 ஜூனில் பஞ்சாப் அரசு இந்த வைத்தியத்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அபினி, ஹெராயின் பழக்கத்தால் மிகவும் வாடிய மாநிலம் அது. 2018 ஜூலைக்குள் 48,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே பதிவு செய்துகொண்டார்கள். சிகிச்சையை முடித்துச் சோதித்துப் பார்த்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 91 பேர் குணமானார்கள். அதுவும் பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் அல்ல. ஜில்லா ஆஸ்பத்திரிகளில்!

2018 ஜூலை 28-ல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இதில் சோதனையும் இலவசம். மாத்திரையும் இலவசம்.

கல்லீரல் கெட்டுப்போகாதவர்கள் தினம் சோபோஸ்புவிர், டக்லடாஸ்விர் என்ற இரண்டு மருந்துகளை 12 வாரம் சாப்பிட வேண்டும். விடாமல் சாப்பிட்டால் நூற்றுக்கு 95 பேருக்குக் கிருமி அடியோடு போய்விடும். கல்லீரல் இறுகியவர்களுக்கு டாக்டர் வேறு மருந்து சேர்ப்பார், அல்லது நாளைக் கூட்டுவார்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். குணமானவர் மறுபடி ஊசியைப் பகிர்ந்தால், மறுபடியும் கிருமி வரும். 'சி' கிருமிக்குத் தடுப்பூசி இன்னும் கிடையாது.

ஊசியை விடவே முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. டாக்டர் கண் முன்னால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையைக் கொடுக்கிறார்கள். சென்னையில் ஊசியாகப் போட்டுக் கெட்டார்களே, அதே பியூபிரினார்பின்தான்! ஊசியில் ஏறினால் நஞ்சு. முறையோடு கொடுத்தால் மருந்து. இந்த மாதிரி மாற்று வைத்தியம் 'சி' கிருமி தொற்றுவதைப் பாதியாகக் குறைக்கிறது என்று பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கீழாநெல்லி போதாதா?

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். நியாயமான கேள்விதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லியைப் 'பி' கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆராய்ச்சியில் புளும்பெர்க் என்ற அமெரிக்க மேதையும் சேர்ந்திருந்தார். 'பி' கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவருடைய பிறந்த நாளான ஜூலை 28-தான் உலகக் கல்லீரல் அழற்சி நாள்.

1988-ல் அந்த முடிவு வெளியானது. நல்ல பலன் தெரிந்ததாகச் சொன்னார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை.

தண்ணீரால் வருகிற காமாலை பெரும்பாலும் தானாகவே தீரும். அதனால் எதைச் சாப்பிட்டாலும் அதுதான் குணமாக்கியது போலத் தோன்றும். 'சி' கிருமி அப்படி அல்ல. உள்ளே உட்கார்ந்துவிட்டால் மாத்திரைக்குத்தான் போகும். கீழாநெல்லியை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

பயம் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம்

வீட்டில் ஒருவருக்கு இது இருந்தால் தனித் தட்டு, தனி டம்ளர் வேண்டாம். ஒன்றாகச் சாப்பிடலாம். கட்டி அணைக்கலாம். குழந்தையைக் கொஞ்சலாம். இதனாலெல்லாம் பரவாது.

ரத்தம் படக்கூடிய பொருளை மட்டும் பகிரக் கூடாது. சவர பிளேடு, பல் விளக்கும் பிரஷ், நகவெட்டி இவை தனித்தனியாக இருக்கட்டும்.

திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியால் பலருக்குப் பச்சை குத்துகிற இடத்தில் கை நீட்டாதீர்கள். ஊசி போடுகிற இடத்தில் புது ஊசியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

'பி' கிருமிக்குத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. பிறகு 6, 10, 14-வது வாரங்களில் மற்றவை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

போதைப் பழக்கத்தில் இருக்கிற பிள்ளையை அடித்து விரட்டாதீர்கள். விரட்டினால் அவன் ஊசிக் கூட்டத்துக்குத்தான் போவான். தானாக வைத்தியத்துக்கு வருகிற அடிமைக்குச் சட்டமும் வழி விட்டிருக்கிறது. 1985-ம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. போதைப் பொருளை உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தவர், தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டால், வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம் என்று அது சொல்கிறது.

போதை மறுவாழ்வு யோசனைக்கு 14446 என்ற எண்ணுக்கு இலவசமாகப் போன் செய்யலாம். உடல்நல விவரம் கேட்க 104 இருக்கிறது. மதுரைப் பக்கத்தார் அரசு இராசாசி ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம்.

பரவை வீட்டில்...

இனி அந்தப் பரவை வீட்டுக்குத் திரும்புவோம்.

மகன் இந்தச் செய்தியை எங்கேயோ கேள்விப்பட்டான் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி அம்மாவிடம் மெதுவாகச் சொன்னான்.

"ரத்தம் சோதிச்சுப் பார்த்துடலாம்னு இருக்கேம்மா."

அம்மாவுக்குத் திக்கென்றது. "எதுக்குப்பா பழசைக் கிளறுறே? உன் கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு? மருமகளுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா?"

அந்தத் தாயின் பயம் பொய் அல்ல. பத்து வருஷமாகப் பொத்தி வைத்த மானம் அது. 15 நகரங்களில் பல ஆயிரம் பேர் தங்கள் நோய் தங்களுக்கே தெரியாமல் இருந்ததற்கு இந்த மாதிரிப் பயமும் ஒரு காரணம்தானே!

அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"எனக்கு முன்னமே தெரியும் அத்தை. கல்யாணத்துக்கு முன்னாலேயே இவங்க சொல்லிட்டாங்க" என்றாள். பிறகு அவனைப் பார்த்து, "காலையில போகலாம். நானும் வர்றேன். பிள்ளையை அத்தை பார்த்துக்குவாங்க" என்றாள்.

சோதனையில் கிருமி இல்லை என்று வரலாம். அப்படியானால் கவலை விட்டது. இருக்கிறது என்று வந்தால், 84 நாள் மாத்திரை. அதுவும் செலவில்லாமல்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து, "ஆஸ்பத்திரியில கூட்டமா இருக்கும். வெறும் வயித்தோட போகாதீங்க. நாலு மணிக்கே இட்லி ஊத்திடுறேன்" என்றார்.